பேய்ப்படமும் அம்மாவின் சவுரியும்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் அந்தக் காலத்துப் பேய்ப்படங்களைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன் என்பார் ஒருத்தர். பத்து வயசுவரை புறவாசலுக்குத் தனியாகப் போனதில்லை என்பார் இன்னொருத்தர். நானும் சங்கரன்கோவில் கொட்டகையில் ஒரு பேய்ப்படம் பார்த்தேன். எனக்குப் பயமே வரவில்லை. வந்த வினையெல்லாம் அதனால்தான். பயந்து அலறியிருந்தால் நெற்றியில் புற்றுமண் பூசி, வேப்பிலை அடித்து, ரெண்டு நாளில் விட்டிருப்பார்கள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் சவுரியைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியும். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் முழிக்கிறார்கள். பின்னலோடு சேர்த்துப் பின்னிக்கொள்கிற ஒட்டுமுடி. என் அம்மாவுக்குத் தலைமுடி குறைவு. தலை வாரும்போது உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைப்பாள். ரெண்டு மூன்று வருஷம் சேர்ந்ததை, தெருவில் வருகிற சவுரிக்காரியிடம் கொடுத்துக் கட்டி வாங்கினாள். ஒன்றரை முழம் இருக்கும். நுனியில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும். தேங்காயெண்ணெய் வாசமும் வெந்தய வாசமும் கலந்து வரும். அதை வைத்துப் பின்னாமல் என் அம்மா தெருமுக்குக்குக்கூடப் போகமாட்டாள். வாசலில் வளையல்காரர் வந்து நின்றாலும், "இருங்க அண்ணாச்சி" என்று உள்ளே ஓடிப்போய் அதைச் செருகிக்கொண்டுதான் வருவாள். அப்பா இதற்காக அவளைக் கேலி செய்வார்.

எனக்கு ஒன்பது வயசு. ஐப்பசி மழையில் அம்மாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு வாசலில் கார் வந்து நின்றது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்துச் சவுரியை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவள் நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. "இத வச்சிருட்டி. வந்து வாங்கிக்கிடுதேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தம்பியைப் பார்த்துக்கோ, சமத்தாக இரு என்றெல்லாம் சொல்லவில்லை. அவள் திரும்பி வரப்போகிறவள், எதற்குச் சொல்ல வேண்டும்?

அவளைத் திரும்பக் கொண்டுவந்த அன்று எங்களைத் தெருக்கோடியில் ஒரு வீட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். பச்சப்பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்பது அத்தையின் முடிவு. அத்தை என்றால் அப்பாவின் உடன்பிறந்த அக்கா. அப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள், அதே தெருவில் இருந்தாள், அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பெரியவர்கள் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் நான் பார்க்கவில்லை பாருங்கள். பார்க்காத சாவை ஒன்பது வயசுப் பிள்ளை எப்படி நம்பும்? பதினாறாம் நாள் சோறு தின்றேன், போட்டோவுக்கு மாலை போட்டதைப் பார்த்தேன். என் புத்தகப் பெட்டியில், பழைய பாவாடைக்குள் சவுரி பத்திரமாக இருந்தது. வாங்கவில்லை. ஆகையால் வருவாள்.

தை பிறந்ததும் அப்பா வாசுதேவநல்லூரில் பெண் எடுத்தார். அதுவும் அத்தையின் ஏற்பாடு. யூனியன் ஆபீசுக்குப் போகிற மனுஷன் ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று அத்தை ஊரைக் கேட்டாள். ஊரும் சரி என்றது. சித்திக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். பேச மாட்டாள். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்லுவாள். ஐந்து வயசுத் தம்பி ஒரே மாசத்தில் அவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு தடவை கூப்பிட்டதற்கும் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அவன் அழுவானே தவிர நிறுத்தவில்லை. நான் சித்தி என்றேன், நீங்க வாங்க என்றேன். பெற்றவளை நீ என்று சொல்லுகிற வீடு எங்களுடையது. இவளுக்கு அது கிடையாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்டபோதுதான் அந்தப் படம் வந்தது. மாட்டுவண்டியில் ரெண்டு பக்கமும் தட்டி கட்டி, கொட்டு அடித்துக்கொண்டு, மைக்கில் ஒருத்தன் கத்திக்கொண்டே போவானே, ஞாபகம் இருக்கிறதா? வண்டிக்குப் பின்னால் ஓடி நோட்டீஸ் பொறுக்கினோம். எனக்கு ரோஸ் கலர் நோட்டீஸ் கிடைத்தது. வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி, முழங்கால்வரை தலைமுடியை விரித்துப்போட்டு, ரெண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிறாள். இளகிய மனசுக்காரர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் தனியாகப் பார்க்க வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே, செத்தும் பிள்ளைகளை மறக்காத தாய் என்று ஒரு வரி. அந்த வரியைத் தெருவில் நின்று நாலு தடவை வாசித்தேன். அந்தப் படத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் கேட்டால் உதைதான் விழும். பக்கத்து வீட்டில் பீடி சுற்றுகிற ஒரு அக்கா இருந்தாள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சுற்றுவாள், சுற்றிக்கொண்டே ஊருக்கு வருகிற படத்தின் கதையையெல்லாம் சொல்லுவாள். அவளுக்கு இந்தப் படத்தைப் பார்க்கவும் ஆசை, தனியாகப் போகவும் பயம். என்னைவிட்டால் அவளுக்குத் துணைக்கு ஆள் இல்லை, அவளைவிட்டால் எனக்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயிலுக்குப் போகிறோம் என்று சித்தியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சித்தி என் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு, "வெயில்ல ஓடாத" என்று மட்டும் சொன்னாள்.

கொட்டகைக் கூரையில் அங்கங்கே ஓட்டை. வெயில் ஒளிக் கம்பிகளாகக் கீழே இறங்கும், அதில் பீடிப்புகை சுற்றும். பெண்கள் பக்கம் தரையில் மணலைக் குவித்து உட்கார்ந்தோம். அக்கா படம் தொடங்குவதற்கு முன்னாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். வியர்த்து வழிந்த கை.

கதை இதுதான். ஒரு வீட்டில் அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள். இன்னொருத்தி வந்து அந்த வீட்டுக்கு எஜமானி ஆக ஆசைப்பட்டு, பிள்ளைகளின் அம்மாவைக் கிணற்றில் தள்ளிவிடுகிறாள். பிறகு அவளே சித்தியாக வந்து பிள்ளைகளைப் பட்டினி போடுகிறாள். ஒருநாள் உச்சிவெயிலில் அந்தப் பெண்பிள்ளை பசி தாங்காமல் கிணற்றடியில் உட்கார்ந்து அம்மா அம்மா என்று அழுகிறது. கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே ஏறுகிறது. அம்மா வருகிறாள். தண்ணீரிலிருந்து வருகிறவளின் சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தட்டில் சோறு பிசைந்து ரெண்டு பிள்ளைகளுக்கும் ஊட்டுகிறாள். அந்த இடத்தில் கொட்டகையில் பாதிப் பேர் வீல் என்று கத்தினார்கள். பக்கத்தில் ஒரு பிள்ளை மூத்திரம் போய்விட்டது. நான் அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பருப்புச் சோறு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொருத்தராகப் பழிவாங்குகிறாள். அந்தச் சித்தியைத் தலைமுடியாலேயே சுற்றிக் கிணற்றுக்குள் இழுத்துப் போகிறாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் ஒரு மந்திரவாதி வந்து, பேய் ஊருக்கு ஆகாது என்று சொல்லி, அவள் முடியில் ஒரு கொத்தைப் பிடித்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிக்கிறான். அவள் பிள்ளைகளைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள். பிள்ளைகள் கதறுகிறார்கள். கொட்டகையே கை தட்டுகிறது. எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. சோறு ஊட்டியவளை அடிக்கிறான், இவர்கள் கை தட்டுகிறார்கள். நான் எழுந்து நின்று, ஆணி அடிக்காதீங்க, அவள் அம்மா, ஆணி அடிக்காதீங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா என் வாயைப் பொத்தி இழுத்து உட்கார வைத்தாள். எங்கள் தெருப் பெண்கள் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். அம்மா ஏன் இத்தனை நாளாக வரவில்லை என்பது விளங்கிவிட்டது. ஒன்று, நான் பசியில் அழவே இல்லை. மூன்று வேளையும் மொக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு, சவுரி என்னிடம் இருக்கிறது. படத்தில் வந்தவளுக்கு முழங்கால்வரை முடி, அவள் கிளம்பி வந்துவிட்டாள். என் அம்மா வளையல்காரர் முன்னால்கூடச் சவுரி இல்லாமல் வராதவள். சவுரியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு வா வா என்றால் எப்படி வருவாள்? என் மேல்தான் தப்பு என்று எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் வயிற்றுவலி என்று சொல்லித் தோசையைத் தொடவில்லை. தம்பியையும் சேர்த்துக்கொண்டேன். அம்மா வர வேண்டும் என்றால் திங்கக் கூடாது என்று அவனுக்குப் பாடம் எடுத்தேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனவன் ரெண்டு தோசையைத் தின்றுவிட்டு வாயெல்லாம் எண்ணெயாக வந்து நின்றான். அவனை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நாம்தான் செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டேன். உச்சிப்பொழுதில், அப்பா ஆபீசில் இருக்கும்போது, தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, சவுரியை மடியில் வைத்து, புறவாசல் கிணற்றடியில் உட்கார்ந்தேன். துவைக்கிற கல் சுட்டது. கிணற்றுக்குள் ஒரு புறா இருந்து முனகியது. தண்ணீர் ஏறவில்லை. அழ முயன்று பார்த்தேன். பசி போதாது போலிருந்தது.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அன்று சாயங்காலம் பீடி சுற்றுகிற அக்கா கொடுத்த கருப்பட்டித் துண்டு ஒன்றைத் தின்றேன். அதனால்தான் அம்மா தாமதிக்கிறாள் என்று பிறகு என்னையே திட்டிக்கொண்டேன். இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ரெண்டு நாளும் சித்தி ஒவ்வொரு வேளையும் தட்டு வைத்தாள். நான் தொடாததை எடுத்துப்போனாள். திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. செவ்வாய் இரவு பருப்பு கடைந்து அப்பளம் பொரித்திருந்தாள். அந்த வாசத்தில் என் வைராக்கியம் கொஞ்சம் ஆடியது. பாயில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. அம்மா வந்தால் சித்தியை என்ன செய்வாள்? படத்தில் சித்தி கெட்டவள், அம்மாவைத் தள்ளிவிட்டவள். எங்கள் சித்தி அம்மா செத்தபோது வாசுதேவநல்லூரில் இருந்தாள். ஆனால் வாசுதேவநல்லூரிலிருந்துதான் பஸ் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு அது சரியாக வரவில்லை. மஞ்சள்காமாலையை யாரும் பஸ்ஸில் கொண்டுவர முடியாது. சித்தி எங்களைப் பட்டினி போடவில்லை, நான்தான் பட்டினி கிடக்கிறேன். ஆனால் இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியுமா? கோபத்தில் வருகிறவள் விசாரித்துக்கொண்டா இருப்பாள்? தட்டு வைத்த கையைப் பிடித்துக் கிணற்றுக்குள் இழுத்துவிட்டால்?

புதன்கிழமை மத்தியானம் நான் கிணற்றடியில் இருக்கும்போது பாத்திரம் கழுவத் தண்ணீர் எடுக்கச் சித்தி வாளியோடு வந்தாள். நான் எழுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மூன்று நாள் சாப்பிடாத குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் குரலில் சொன்னேன்.

"உச்சியில கெணத்துப் பக்கம் வராதீங்க. உள்ள இழுத்துருவா."

"யாரு?"

"எங்கம்மா."

சித்தி கையிலிருந்து வாளி விழுந்து உருண்டது. அவள் என்னைப் பார்த்தாள், என் விரித்த தலையைப் பார்த்தாள், மடியிலிருந்து நழுவிக் கல்லில் கிடந்த சவுரியைப் பார்த்தாள். வாளியை எடுக்காமலே உள்ளே போய்விட்டாள். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் சித்தி நடந்ததை அப்பாவிடம் சொன்னாள். அத்தை அங்கேதான் இருந்தாள். கொட்டகையில் நான் கத்தியதை அவளுக்கு ஏற்கனவே தெருப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். அன்னம் தண்ணி இல்லை, தலைவிரி கோலம், உச்சிநேரத்தில் கிணற்றடி, கையில் செத்தவள் முடி, வந்தவளைப் பார்த்து இழுத்துவிடுவேன் என்ற மிரட்டல். அத்தைக்கு இதைவிட என்ன வேண்டும்? மூத்தவள் இளையவளைப் பழிவாங்கப் பிள்ளை உடம்பில் வந்து இறங்கிவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒருத்தராவது என்னைக் கூப்பிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டிருந்தால் ரெண்டு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. பேய் பிடித்த பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாதாம். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தை என் புத்தகப் பெட்டியைக் கவிழ்த்துச் சவுரியை எடுத்து மஞ்சள் பையில் போட்டாள். நான் பாய்ந்து அவள் கையைக் கடித்தேன். அதுவும் பேயின் கணக்கில் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை காலை கோயிலில் சக்கரத்தில் உட்கார வைப்பது, அங்கே என் வாயால் அம்மாவைப் போகிறேன் என்று சொல்ல வைப்பது, அங்கிருந்து நேரே புளியங்குடி ரோட்டுப் புளியமரத்துக்குப் போய்க் பேயோட்டுகிற கோடாங்கி கையால் சவுரியை ஆணியில் அடித்துவிடுவது. இப்படி ஏற்பாடு. பையில் ஆணியும் கிடந்தது. நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை முழுக்க நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். என்ன செய்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது. போகிறேன் என்று நான் சொன்னால் அம்மா போய்விடுவாள். பிறகு சவுரியை வாங்க யார் வருவார்கள்?

கோமதியம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் இருக்கிற அந்தக் குழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைத்தான் சக்கரம் என்பார்கள். மனசு சரியில்லாதவர்கள், பேய் பிசாசு பிடித்தவர்கள் அதில் உட்கார்ந்து அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தால் குணமாகும் என்று சுற்றுவட்டாரம் முழுக்க நம்பிக்கை. இளையரசனேந்தல் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டி வருவார்கள். வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம். அப்பா தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு தூண் ஓரம் நின்றார். சித்தி அவருக்குப் பக்கத்தில், அம்மனையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தை என் நெற்றியில் புற்றுமண்ணைக் குழைத்து அப்பி, குழியில் இறக்கி உட்கார வைத்தாள். கல் ஜில்லென்று இருந்தது. பசியில் விளக்குகள் எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிந்தன.

அத்தை குனிந்து என் முகத்துக்கு நேராகப் பேசினாள். "ஏளா, நீ யாருன்னு எனக்குத் தெரியும். ஒனக்கு என்ன கொறை வச்சோம்? செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சோம்லா? சின்னப்பிள்ள ஒடம்பு தாங்காதுளா. போறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிரு."

சொல்லும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அன்று அது எனக்கு உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவின் தலைமாட்டில் கடைசிவரை இருந்தவள் அவள்தான் என்று பல வருஷம் கழித்துத் தெரிந்தது. அவள் என்னோடு பேசவில்லை, அம்மாவோடுதான் பேசினாள். பாவம், அவளுக்கும் பேச வேறு இடம் கிடைக்கவில்லை.

நான் வாயை இறுக்கிக்கொண்டேன். அத்தை திரும்பத் திரும்பக் கேட்டாள். கூட்டம் கூடிவிட்டது. சொல்லிரு தாயி, சொல்லிரு தாயி என்று ஒரு கிழவர் கெஞ்சினார். பெரிய அழுத்தக்காரியாக இருக்கும் போல என்று யாரோ ஒருத்தி சொன்னாள். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை, ரெண்டு தீபாராதனை ஆனது. தலை கிறுகிறுத்தது. வார்த்தையைச் சொன்னால் எழுந்திருக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். சொல்ல மாட்டேன். கடைசியில் பொறுக்க முடியாமல் அத்தையைப் பார்த்துச் சொன்னேன்.

"எங்கம்மா இன்னும் வரவே இல்ல. வராதவளப் போகச் சொன்னா எப்படிப் போவா?"

எப்படிப் பேசுது பாருங்கள் என்று அத்தை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குழியின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்.

"எதுக்குட்டி சாப்பிட மாட்டேங்க?"

"பசியில அழுதாத்தான் வருவா. படத்துல அப்படித்தான் வந்தா."

"சவுரிய எதுக்குக் கெணத்தடிக்கு எடுத்துட்டுப் போன?"

"அது இல்லாம அவ வெளிய வரமாட்டா. வச்சிரு, வந்து வாங்கிக்கிடுதேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் கார்ல ஏறுனா."

சித்தி குனிந்து, முகத்தில் விழுந்த என் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"என்னய எதுக்குக் கெணத்துப் பக்கம் வரக் கூடாதுன்ன?"

"உங்கள உள்ள இழுத்துருவால்லா. நீங்கதான் எங்களுக்கு ஒண்ணும் பண்ணலியே."

அவ்வளவுதான். சித்தி எழுந்தாள். அத்தையின் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். உள்ளே கைவிட்டுச் சவுரியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, ஆணி கிடந்த பையை அத்தையிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இத மரத்துல அடிக்காண்டாம் மதினி. குடுத்தவ வந்து கேட்டா பிள்ள என்ன பதில் சொல்லும்? நம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

அந்த வீட்டுக்கு வந்து நாலு மாசத்தில் சித்தி ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசியது அன்றுதான். நாளைக்கு உனக்கு ஒன்று ஆனால் அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது என்று அத்தை சொன்னாள்.

"ஆனா ஆகட்டும்" என்றாள் சித்தி.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. என்னைக் கைபிடித்துத் தூக்கிவிடும்போது அம்மனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவளும் நம்பினாள், பேய் உண்டு, மூத்தவள் கோபப்படுவாள், கிணறு இருக்கிறது என்று நம்பிக்கொண்டுதான் அதைச் சொன்னாள். அப்பா தூணைவிட்டு வந்து, போவோம் என்று முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

ரத வீதியில் ஒரு ஓட்டலில் சித்தி என்னை உட்கார வைத்து இட்லி வாங்கிக் கொடுத்தாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டேன். இட்லியிலிருந்து ஆவி வந்தது. சித்தி ஒரு துண்டைப் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்து என் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள்.

"உங்கம்மா வரும்போது வரட்டும். அதுவரைக்கும் சாப்பிடு. வந்து பாக்கையில நீ எலும்பும் தோலுமா இருந்தா என்னயத்தான கேப்பா?"

இது நியாயமாகப் பட்டது. வாயைத் திறந்தேன். எட்டு இட்லி தின்றேன். தம்பி என் இலையிலிருந்து ரெண்டு எடுத்தான், அவனைக் கிள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சித்தி சவுரிக்கு எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, அம்மா எங்கே தொங்கவிடுவாள் என்று என்னிடம் கேட்டு அதே இடத்தில், கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டாள். அத்தை ஆறு மாசம் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவாள். பிறகு வந்தாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் சித்தி முதலில் அதை எடுத்துத் துணியில் பொதிந்து வைப்பாள், அடித்து முடித்ததும் எண்ணெய் தடவி மறுபடி தொங்கவிடுவாள். அப்பா காலமானார், வீட்டை இடித்துக் கட்டினோம், கிணற்றை மூடினோம். புதுக் கதவுக்குப் பின்னாலும் அது தொங்கியது. அம்மா வர மாட்டாள் என்று எனக்கு எந்த வயசில் தெரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் நானும் சொல்லவில்லை, சித்தியும் சொல்லவில்லை. அவளை நான் கடைசிவரை அம்மா என்று கூப்பிடவில்லை. ஆனால் அந்த ஓட்டலை விட்டு வெளியே வருவதற்குள் நீங்க வாங்க போய்விட்டது. நீ, வா, போ என்றுதான் பேசினேன், சண்டை போட்டேன்.

போன புரட்டாசியில் சித்தி போய்ச் சேர்ந்தாள். நல்ல சாவுதான், கிடையில் கிடக்கவில்லை. இந்தத் தடவை கதவைச் சாத்த விடவில்லை. தம்பியின் பேரப்பிள்ளைகளை, நாலு வயசுக் குட்டி உட்பட, கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். பார்க்கட்டும் என்றேன். குளிப்பாட்டி முடித்ததும் தலை வார நான்தான் உட்கார்ந்தேன். அவளுக்கும் முடி கொட்டிப்போய் ஒரு விரல் கனம்தான் இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து சவுரியை எடுத்துவரச் சொன்னேன். செம்பட்டை பாய்ந்திருந்தது, எண்ணெய் வாசம் மட்டும் போகவில்லை. செத்தவள் சாமானை இன்னொருத்திக்கு வைக்கலாமா, எங்கும் வழக்கம் இல்லையே என்று பெண்கள் கசமுசவென்று பேசினார்கள். தம்பி பெண்டாட்டி என் தோளைத் தொட்டு, "வேண்டாம் மதினி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரும்" என்றாள்.

"ஆனா ஆகட்டும்" என்றேன்.

மூன்று காலாக வகுந்து, சவுரியைச் சேர்த்து இறுக்கிப் பின்னி, நுனியில் கறுப்பு நூல் சுற்றி முடிச்சுப் போட்டேன். பின்னலை அவள் தோள் வழியாக முன்னால் எடுத்துவிட்டேன். தூக்குவதற்கு ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவள் காதருகில் குனிந்தேன்.

"அம்மாவப் பாத்தா குடுத்துரு சித்தி. நான் வச்சிருந்தேன்னு சொல்லு."